120 கிரெடிட் முடித்தும் பட்டம் கிடைக்காமல் போவது ஏன்? பொதுக்கல்விப் பாடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 செமஸ்டர் கிரெடிட், அதாவது பாட அலகுகள், கேட்பார்கள். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர், செமஸ்டருக்கு 15. கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி செமஸ்டரில் 121 கிரெடிட் கையில் இருந்தும் பட்டத்துக்குத் தகுதி இல்லை என்று பல்கலைக்கழகத்தின் கணினித் திரையில் வருவது அபூர்வமான செய்தி அல்ல. கிரெடிட் நிறைந்திருக்கும், ஆனால் பொதுக்கல்வியின் கட்டங்களில் ஏதோ ஒன்று காலியாக இருக்கும்.

120 கிரெடிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேஜர் என்கிற முதன்மைத் துறைக்கு, ஒரு பங்கு எந்தத் துறை மாணவரும் படிக்க வேண்டிய 'ஜென் எட்' என்கிற பொதுக்கல்விக்கு, மீதி விருப்பப் பாடங்களுக்கு. பொதுக்கல்வியில் எழுத்துப் பயிற்சி, கணிதம், லேபுடன் அறிவியல், மானுடவியல் துறைகள் (இலக்கியம், தத்துவம் போன்ற ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல், கலை, பிறமொழி என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் மூன்று பாடம் அதிகமாக எடுத்தாலும் பக்கத்துக் கட்டம் நிரம்பாது.

ஒரு மாணவரின் பட்டியலைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். மொத்தம் ஏறக்குறைய 121 கிரெடிட், மேஜர் முடிந்துவிட்டது. வானியல் 3 கிரெடிட் எடுத்திருக்கிறார், ஆனால் அதன் லேப் 1 கிரெடிட், தனி எண்ணில் பதிவு செய்ய வேண்டிய பாடம். அதை எடுக்கவில்லை. முதலாண்டு எழுத்துப் பாடத்தில் டி கிரேடு, அதாவது தேர்ச்சியில் கடைசிப் படி. டி வாங்கினாலும் கிரெடிட் கிடைக்கும், மொத்தத்தில் சேரும். ஆனால் எழுத்துக் கட்டத்துக்கு சி வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. கோடை விடுமுறையில் வேறு கல்லூரியில் எடுத்த சமூகவியல் 4 குவார்ட்டர் கிரெடிட் (ஆண்டைச் செமஸ்டருக்குப் பதிலாகக் குவார்ட்டர்களாகப் பிரிக்கும் கல்லூரிகளின் அளவு). செமஸ்டராக மாற்ற மூன்றில் இரண்டால் பெருக்கினால் 2.67. கட்டம் கேட்பது 3. ஆக மூன்று கட்டங்கள் திறந்தே கிடக்கின்றன. இந்த 0.33 குறையைச் சில பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாது, சில இடங்களில் விடவே மாட்டார்கள். கோடைப் பாடத்துக்குப் பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அடுத்த தவறு, வேறு கல்லூரியில் படிக்கும் நண்பரின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919-இல் தொடங்கிய பொதுப் பாடத்திட்டம் இன்றும் எல்லா மாணவரையும் ஒரே நூல்களின் முன்னால் உட்கார வைக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969-இல் பொதுக்கல்விக் கட்டாயத்தையே ஏறக்குறைய எடுத்துவிட்டது, எழுத்துத் திறனைக் காட்டினால் போதும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. துறைவாரியாக ஒரு பட்டியல் கொடுத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தென் மாநிலங்களின் அங்கீகார அமைப்பு பொதுக்கல்விக்குக் குறைந்தது 30 கிரெடிட் கேட்கிறது. அதற்கு மேல் எத்தனை, எந்தக் கட்டத்தில், எந்த மதிப்பெண்ணுடன் என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி. உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக், அதாவது பல்கலைக்கழகத்தின் விதிகளும் பாடங்களும் அடங்கிய கையேடு. விதிகள் பிறகு மாறினாலும் பெரும்பாலும் சேர்ந்த ஆண்டின் விதியே தொடரும். இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் புதிய கேட்டலாகுக்கு மாற்றிவிடக்கூடும்.

பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. 'கலையும் அறிவியலும்' என்று பெயர் இருப்பதால் அறிவியல் கட்டம் நிரம்பிவிடாது. பதிவுப் பக்கத்தில் பாடத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். கட்டம் அதைத்தான் பார்க்கும். சிறப்புத் தலைப்புப் பாடங்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது: ஒரே பாட எண், நான்கு பிரிவு, நான்கு தலைப்பு. அதில் இரண்டுக்குத்தான் குறியீடு இருக்கும். நேரம் ஒத்துவரவில்லை என்று பிரிவை மாற்றிக்கொள்பவர், குறியீடு போனதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.-யில் 4, 5 (5-தான் உச்சம்) வாங்கியவர்களுக்கு ஒரு தனி ஏமாற்றம் காத்திருக்கிறது. மதிப்பெண் கிரெடிட்டாக வரலாம், மேல்நிலைப் பாடத்தில் நேரடியாகச் சேரும் அனுமதியாக மட்டும் வரலாம், அல்லது விருப்பப் பாடக் கணக்கில் போய் விழலாம். மூன்றும் வேறு வேறு. '12 கிரெடிட் கொடுத்துவிட்டார்கள்' என்று மகிழ்வதற்கு முன், அந்த 12-இல் எத்தனை எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். விருப்பப் பாடமாகவே முழுவதும் உட்கார்ந்திருந்தால் பொதுக்கல்வியில் ஒரு பாடம்கூடக் குறையவில்லை என்று அர்த்தம்.

கோடையில் சமுதாயக் கல்லூரி என்கிற இரண்டாண்டுக் கல்லூரியில் மலிவாக ஒரு கட்டத்தை முடிப்பது நல்ல யோசனைதான், வரிசையைத் தவறவிடாதவரை. முதலில் அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் (பதிவாளர்) அலுவலகத்துக்கு அனுப்பி, எந்த எண்ணுக்குச் சமமாக ஏற்பார்கள், எந்தக் கட்டத்தை நிரப்பும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். பிறகுதான் பதிவு. முடித்ததும் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) அந்தக் கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும், நீங்கள் எடுத்து அனுப்பும் நகல் பெரும்பாலும் செல்லாது. வெளியில் எடுத்த பாடத்தில் சி-க்குக் கீழே வந்தால் பல இடங்களில் மாற்றவே மாட்டார்கள். ஏற்றுக்கொண்டாலும் கிரெடிட்தான் வரும், சராசரி மதிப்பெண் உயராது. கடைசி 30 கிரெடிட்டைத் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே எடுக்க வேண்டும் என்ற விதி இருந்தால், நான்காம் ஆண்டில் வெளியே போவது வேறு சிக்கலைக் கொண்டுவரும்.

ஒரே பாடம் இரண்டு கட்டத்தை நிரப்புவது பலருக்குத் தெரிந்த உத்தி. மேஜருக்கும் பொதுக்கல்விக்கும் பொதுவாக ஒரு பாடம் கிடைத்தால் லாபம்தான். ஆனால் கட்டம் இரண்டு நிரம்பினாலும் கிரெடிட் ஒரு தடவைதான் சேரும். இப்படி நான்கு பாடங்களை இரட்டையாகப் பயன்படுத்தியவர், கட்டங்கள் எல்லாம் நிரம்பியதாகத் திரையில் பச்சை நிறத்தில் இருக்க, மொத்தத்தில் 120-க்குக் கீழே நிற்கக்கூடும். இது முதலில் சொன்ன மாணவரின் நிலைமைக்கு நேர் எதிர். எத்தனை பாடம்வரை இப்படி இரட்டிக்கலாம் என்பதற்கும் பெரும்பாலும் உச்சவரம்பு உண்டு.

கணிதத்தில் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கட்டத்தை நிரப்ப மிகச் சுலபமான கணிதப் பாடத்தைத் தேடிப் பிடிப்பது பழைய வழக்கம். அறிவியல் பக்கமே போகாதவருக்கு அது சரி. ஆனால் பொருளாதாரமோ உளவியலோ மேஜராகலாம் என்று ஒரு மூலையில் எண்ணம் இருந்தால், முதல் பாடமே கால்குலஸாகவோ புள்ளியியலாகவோ இருக்கட்டும். அது கட்டத்தையும் நிரப்பும், கதவையும் திறந்து வைக்கும். சுலபப் பாடம் எடுத்தவர், மேஜர் மாறிய பிறகு மறுபடி கணித வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

பிறமொழிக் கட்டத்தை வீட்டில் தமிழ் பேசுபவர்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஏ.பி. மொழித் தேர்வுகளிலும் கிளெப் (கல்லூரிக் கிரெடிட் தரும் இன்னொரு தேர்வு) மொழித் தேர்வுகளிலும் தமிழ் கிடையாது. அதனால் தாய்மொழி கணக்கில் வராது என்று முடிவு செய்து, முதல் நிலை ஸ்பானிஷில் சேர்ந்து மூன்று செமஸ்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் அல்லாத மொழி வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இந்தக் கட்டத்திலிருந்து விலக்கு தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. தனித் திறன் தேர்வு எழுத அனுமதிப்பவையும் உண்டு. மொழித் துறையிடம் கேளுங்கள், முதல் செமஸ்டர் பதிவுக்கு முன்பே கேளுங்கள். விலக்கு கிடைத்தாலும் கட்டம்தான் மூடும், கிரெடிட் வராது என்பதை மறக்க வேண்டாம். புதிதாக ஒரு மொழி எடுப்பவர்கள் நடுவில் ஒரு செமஸ்டர் விடக் கூடாது. முதல் நிலை இலையுதிர் செமஸ்டரில் மட்டும், இரண்டாம் நிலை வசந்த செமஸ்டரில் மட்டும் என்று நடத்தும் துறைகளில், ஒரு செமஸ்டர் விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

பொதுக்கல்வியை முதல் இரண்டு ஆண்டிலேயே முடித்துவிட நினைப்பவர்களும் உண்டு, 'அப்புறம் பார்க்கலாம்' என்று நான்காம் ஆண்டுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. இரண்டுமே சரிவராது. முதல் வகையினர் வேதியியல் போன்ற வரிசைப் பாடங்களைத் தொடங்கத் தவறிவிடுகிறார்கள். பொது வேதியியல் ஒரு வருடம், அதற்குப் பிறகுதான் கரிம வேதியியல், அது இன்னொரு வருடம். இரண்டாம் வகையினர் எழுத்து மிகுந்த பாடங்களில் இடம் கிடைக்காமல் தவிக்கிறார்கள், அந்த வகுப்புகள் சிறியவை என்பதால். எழுத்தும் கணிதமும் முதலாண்டில், மேஜரின் முதல் வரிசைப் பாடம் அதோடு சேர்த்து, கலையும் மானுடவியலும் பின்னால் பரவலாக. எங்கள் கணக்கில் இது ஓரளவு பாதுகாப்பான வரிசை. பொதுக்கல்விப் பாடங்களில் பெரும்பாலானவை 100, 200 எண்களில், அதாவது தொடக்க நிலையில், வருபவை. பட்டத்துக்கு 300-க்கு மேல் இத்தனை கிரெடிட் வேண்டும் என்ற விதி தனியாக இருக்கும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேடு இல்லாமல் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் பதிவாகும் பாஸ்/ஃபெயில் முறையில் எடுத்த பாடத்தைப் பொதுக்கல்விக்கு ஏற்காத இடங்கள் நிறைய.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கடினமான பாடத்தை நடுவில் கைவிடும்போது கட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையாமல் இருக்க வேண்டும், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான், சேரும். 13-இல் இருந்து 3-ஐக் கைவிட்டால் 10. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் அதைச் செய்தால் விசா நிலையே போய்விடும்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பட்டத் தணிக்கை என்று ஒரு திரை உண்டு, டிகிரி வொர்க்ஸ் போன்ற மென்பொருளில். பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் விடும் முதல் ஓரிரு வாரங்கள் முடிவதற்குள் ஒவ்வொரு செமஸ்டரும் அதைத் திறந்து பாருங்கள், அதற்குள் தெரிந்தால் திருத்திவிடலாம். மேஜர் மாற்றும் எண்ணம் இருந்தால், 'மாற்றினால் என்ன ஆகும்' என்று காட்டும் வசதி அதிலேயே இருக்கும். அட்வைசர் (பாட ஆலோசகர்) 'இந்தப் பாடம் போதும், பார்த்துக்கொள்ளலாம்' என்று வாயால் சொன்னது திரையில் ஏறாது. பாட மாற்றுக்கான படிவம் ரெஜிஸ்ட்ராரிடம் போய், அந்தக் கட்டம் பச்சையாக மாறினால்தான் அது நடந்தது. இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் மறுபடி மின்னஞ்சல் போடுங்கள், பழைய மின்னஞ்சலையும் சேர்த்தே.