மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஹாலோவீன் கச்சேரி: எங்கே சறுக்குகிறது?

அக்டோபர் 31 இரவு ஹாலோவீன். மறுநாள் புனிதர் அனைவர் திருநாள், அதற்கடுத்த நாள் நம்மூரிலும் தெரிந்த கல்லறைத் திருநாள். இதையொட்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய தேவாலயங்களில் இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிதாய் உட்கார்ந்து வாசிக்கும் செல்லோ ஒன்று என நால்வர் மெழுகுவத்திகளுக்கு நடுவே அமர்ந்து திகில் இசை வாசிக்கிறார்கள். இதில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: ஒத்திகையைப் பட்டப்பகலில் முடித்துவிடுவது.

இருட்டில் முதலில் மாட்டிக்கொள்வது கண். எத்தனை மெழுகுவத்தி வைத்தாலும் அந்த வெளிச்சத்தில் இசைத்தாளை வேகமாகப் படிக்க முடியாது. ஸ்டாண்டில் மாட்டும் சிறு எல்.ஈ.டி. விளக்கு கட்டாயம் வேண்டும், 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில். அதைத் தாளை நோக்கிக் கவிழ்க்காவிட்டால் முன்வரிசையின் கண் கூசும். இருட்டியபின் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நெருப்பு. அழகுக்காக மெழுகுவத்திகளைக் காலடிவரை நெருக்கி வைக்கிறார்கள். வயலின் வில்லே சுமார் 74 செ.மீ. நீளம், அது வீசும் தூரத்தையும் தாள் பறந்து விழும் தூரத்தையும் கணக்கிட்டு, எரியும் சுடரைக் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். சுடரின் சூட்டில் தந்தியின் சுருதி இறங்கும் என்பது இன்னொரு காரணம். பேட்டரி மெழுகுவத்தியே மேல். ஆனால் ஒவ்வொன்றாகப் போட்டால், ஒன்றுக்கு 3 வினாடி வீதம் 500 விளக்குக்கு 25 நிமிடம் ஆகும். அதைக் கதவு திறக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1874-இல் எழுதிய ‘டான்ஸ் மகாப்ர்’ (மரண நடனம்) இல்லாமல் இந்தக் கச்சேரி நடப்பது அரிது. நள்ளிரவில் மரணம் வயலின் வாசிக்க, எலும்புக்கூடுகள் ஆடுகின்றன. தனி வயலினின் உச்சத் தந்தியான இ தந்தியை அரைச்சுரம் இறக்கி இ ஃபிளாட் ஆக்கச் சொல்கிறார் அவர். பக்கத்து ஏ தந்தியோடு சேர்த்து வில்லை இழுத்தால் ச–ப ஒலிக்க வேண்டிய இடத்தில் ச–பிரதி மத்யமம் ஒலிக்கும். அந்தக் கரகரப்புதான் இந்தப் படைப்பின் உயிர். தந்தியை இறக்காமல் விரல் வைத்துச் சமாளித்தால், வெற்றுத் தந்திகளின் அந்த முரட்டு ஒலி வராது. மேடையிலேயே இறக்கினாலும் வம்பு: இறக்கிய தந்தி மெல்ல மேலேறும், இழுவிசை குறைந்ததால் பக்கத்துத் தந்திகளும் கொஞ்சம் ஏறும். இதற்கென்றே அந்தக் கலைஞருக்கு வேறொரு வயலினை அரைமணி நேரம் முன்பே சுருதி சேர்த்து அருகில் வையுங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய மூலத்தில் எலும்புச் சத்தத்தைத் தருவது சைலஃபோன் என்ற, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி. நால்வர் குழுவில் அதை வில்லின் மரப்பகுதியால் தட்டி வரவழைப்பதுண்டு. நல்ல வில்லால் தட்டினால் வார்னிஷ் போய்விடும். மலிவான வில் ஒன்று போதும்.

வேகத்தைக் கட்டிடத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கல் சுவர்களுக்குள் எதிரொலி நீண்டு, விரைவான இடங்கள் குழம்பும். ஆட்கள் வந்து நிறைந்தால் எதிரொலி குறையும் என்பதால், காலி அரங்கில் சரியாக இருந்த வேகம் இரவில் மாறித் தோன்றும். நார்வே இசையமைப்பாளர் க்ரீகின் ‘மலையரசன் மண்டபத்தில்’ அடக்கமாக, மிக மெதுவான ஒலியில் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கிறது. ஆரம்பத்திலேயே ஓடினால் கடைசியில் ஏற இடமிருக்காது. உரத்த உருப்படிகளையே வரிசையாக வைப்பதும் இதே பிழைதான். நடுவில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘மரணமும் கன்னியும்’ என்ற டி மைனர் நால்வர் இசையிலிருந்து நிதானமான இரண்டாம் பகுதியை மட்டும் வையுங்கள். முழுதாக வாசித்தால் சுமார் 40 நிமிடம் ஓடும்.

விளக்குப் பொறுப்பாளருக்கும் ஒரு ஒத்திகை வேண்டும். ‘டான்ஸ் மகாப்ர்’ முடிவில் சேவல் கூவி, எலும்புக்கூடுகள் கலைந்து, கிசுகிசுப்பாய் இரண்டு தந்தி மீட்டலோடு அடங்கும். சேவல் கூவியதுமே முடிந்ததென்று நினைத்து அரங்க விளக்கைப் போட்டுவிட்டால் அந்த இரண்டு ஒலியும் கைத்தட்டலில் காணாமல் போகும். வயலின்காரர் கருவியைத் தோளிலிருந்து இறக்கியபின்தான் சுவிட்சில் கை வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.