வைஃபை சேனல் தேர்வில் இயந்திரக் கற்றல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ ஒரு பழைய நகரத்தார் வீடு விருந்தினர் விடுதியாகும்போது, முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று என ரவுட்டர்கள் வைக்க வேண்டியிருக்கிறது. எந்த ரவுட்டர் எந்தச் சேனலில் (அலைவரிசையில்) இயங்க வேண்டும் என்பதை ஒரு நிரலே கற்று முடிவெடுக்கட்டும் என்று விரும்புவது நியாயமானதே. ஆனால் இம்முயற்சிகள் பிழைபடும்போது, பெரும்பாலும் குறை கற்றல் முறையில் இருப்பதில்லை. அதற்கு ஊட்டிய தரவிலேயே இருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் நம் நாட்டில் உள்ள 13 சேனல்களையும் தனித்தனித் தெரிவுகளாக மாதிரிக்கு, அதாவது தரவிலிருந்து கற்று முடிவெடுக்கும் நிரலுக்கு, கொடுப்பது முதல் தவறு. அடுத்தடுத்த சேனல்களின் மையங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒவ்வொன்றின் அகலமோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 3 காலியாக இருக்கிறதென்று அங்கே போகும் ரவுட்டர், 1, 6 ஆகிய இரண்டின் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 என்று மூன்றோடு நிறுத்துவதே நல்லது. அதேபோல, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை எண்ணி நெரிசலை மதிப்பிடக் கூடாது. சும்மா இருக்கும் ஐந்து ரவுட்டர்களைவிட, ஓயாமல் வீடியோ அனுப்பும் ஒன்று அதிக நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அளக்க வேண்டியவை, சேனல் பேச்சில் இருக்கும் நேரத்தின் விகிதமும் மறுஅனுப்பல்களின் எண்ணிக்கையும் ஆகும்.

எங்கே நின்று அளக்கிறோம் என்பதும் முக்கியம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட தடித்த சுவர்களுக்கு இந்தப் பக்கம் முகப்பு ரவுட்டருக்குக் கேட்காத ஒரு அலை, அந்தப் பக்கம் இருக்கும் விருந்தினரின் கைபேசியை முழுதாக மூழ்கடிக்கலாம். 802.11கே என்னும் வைஃபை தரப்பாடு கைபேசிகளிடமே அளவீட்டைக் கேட்டுப் பெற வழி செய்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ரவுட்டரின் காதை மட்டும் நம்புவது பிழை.

மிக எளிதில் கண்ணுக்குத் தப்பும் தவறு வேறொன்று. பழைய பதிவேட்டில், அப்போது தேர்ந்தெடுத்த சேனலின் விளைவு மட்டுமே இருக்கும். தேர்ந்தெடுக்காதவை எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சான்றே இராது. கூட்டமான மாலைகளில் எல்லாம் ரவுட்டர் 6-இலேயே இருந்திருந்தால், கூட்டத்தின் குற்றத்தை மாதிரி 6-இன் மேல் சுமத்திவிடும். இதற்கு மாற்று, பயன்பாடு குறைந்த வேளைகளில் மற்றச் சேனல்களையும் சிறிதளவு முயன்று பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் எந்த நிகழ்தகவோடு அதைத் தேர்ந்தோம் என்பதைச் சேர்த்தே எழுதிவைப்பதும் ஆகும். அந்த எண் இருந்தால்தான் பின்னர் பதிவின் ஒருபக்கச் சாய்வைத் திருத்தி எடைபோட முடியும். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன், ஏனெனில் பதிவின்போது விட்டதைப் பின்னால் மீட்க வழியில்லை.

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைக் குலுக்கிப் பிரிப்பதும் ஏமாற்றும். பத்து மணிக்கு எடுத்த அளவும் பத்து மணி ஒரு நிமிடத்துக்கு எடுத்த அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்தால், கிடைக்கும் துல்லியம் பொய்த் துல்லியம். காலத்தால் பிரிக்க வேண்டும். அதிலும் நம் வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, ஒரு கல்யாணத்துக்குப் புள்ளிகள் (குடும்பங்கள்) எல்லாம் வந்து கூடும்போது ஒரே நாளில் நிரம்புபவை. ஆடியில் பயின்ற மாதிரியைத் தை மாதத்துக் கல்யாணக் கூட்டத்தில் சோதித்த பிறகே நம்பலாம்.

ஒரே வீட்டின் மூன்று ரவுட்டர்களும் தனித்தனியே கற்றால், ஒன்று நகர்ந்த இடத்துக்கே மற்றதும் நகர்ந்து ஒன்றையொன்று துரத்தும். ஆகையால் முடிவு ஓரிடத்தில் எடுக்கப்பட வேண்டும். மாறுவதற்கும் ஒரு விலை வைக்க வேண்டும், ஏனெனில் சேனல் மாறும்போது சில பழைய கருவிகள் இணைப்பை இழக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாருக்கு வழிவிடும் சேனல்களில், பொதுவாக, பேசத் தொடங்குமுன் 60 நொடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் தென்பட்டால் விலகி, 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. இவ்விதியை மாதிரி அனுபவத்தால் கற்கட்டும் என்று விடலாகாது; அதன் கைக்கு எட்டாதபடி நிரலில் நிலையாக எழுதிவிட வேண்டும்.