ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு மேனுவல் ஏற்றுவது எப்படி?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் புதுப்பிக்கும் செலவு காரின் மதிப்பையே நெருங்கும்போது, அதன் இடத்தில் மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்துவது நியாயமான வழிதான். ஆனால், உங்கள் கார் அதே எஞ்சினுடன் மேனுவலாகவும் விற்பனைக்கு வந்திருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். இங்கே சொல்வது பின்சக்கர இயக்கம் கொண்ட கார்களுக்கானது. காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தவும் பேட்டரி இணைப்பைக் கழற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையான பாகங்கள்

பாகங்களைத் தனித்தனியாகத் தேடி வாங்குவதைவிட, விபத்தில் சிக்கிய அதே மாடல் மேனுவல் கார் ஒன்றை முழுதாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். கியர்பாக்ஸையும் பெடல்களையும் யாரும் மறப்பதில்லை. ஃப்ளைவீல் (எஞ்சினின் பின்முனையில் கிளட்ச் அமரும் கனமான சக்கரம்) போல்ட்டுகள், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், நீளம் மாறுபடக்கூடிய புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டு), ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச் போன்றவைதான் பாதி வேலையில் நம்மை நிறுத்திவைக்கும். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் (கியர்பாக்ஸின் முன்தண்டு நுனியை எஞ்சினுக்குள் தாங்கும் சிறு பேரிங்) ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

பழையதை இறக்குதல்

ஆயிலை வடித்து, கூலர் குழாய்களையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் கழற்றுங்கள். கிராங்க்கை, அதாவது எஞ்சினின் முதன்மைத் தண்டை, கையால் சுழற்றினால், டார்க் கன்வெர்ட்டரின் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும், ஆயில் நிறைந்த பாகம்) போல்ட்டுகள் திறப்பின் வழியே ஒவ்வொன்றாகத் தென்படும். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுடனேயே இறங்க வேண்டும். எஞ்சின் பக்கம் தங்கிவிட்டால், அதிலுள்ள ஆயில் உங்கள் மேல்தான் கொட்டும்.

ஃப்ளைவீலும் கிளட்சும்

ஆட்டோமேட்டிக் காரின் கிராங்க் முனையில் பொதுவாகப் பைலட் பேரிங் இருக்காது. சில எஞ்சின்களில் அதற்கான துளையே முழுமையாகக் கடையப்பட்டிருக்காது என்பதால், பேரிங் வாங்குமுன் துளையை அளந்துவிடுங்கள். பேரிங்கை வெளி வளையத்தில் மட்டுமே தட்டி உள்ளே செலுத்த வேண்டும். கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைத்த மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பெரும்பாலும் குட்டையானவை. தடித்த ஃப்ளைவீலுக்கு அவற்றைப் பயன்படுத்தினால் மரை போதிய ஆழத்துக்குப் பிடிக்காது. உரிய போல்ட்டுகளைப் போட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கிளட்ச் தட்டை மையப்படுத்த, கிளட்சுடன் தரப்படும் பிளாஸ்டிக் கருவியைவிடப் பழைய இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் முன்தண்டு) ஒன்று எனக்கு மேலானதாகப் படுகிறது. பிளாஸ்டிக், தட்டின் எடைக்குச் சற்றே தொய்ந்துவிடுகிறது.

கியர்பாக்ஸை ஏற்றுதல்

பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். இன்புட் ஷாஃப்ட் முதலில் கிளட்ச் தட்டின் பற்களுக்குள் நுழைந்து, பிறகு பைலட் பேரிங்கில் அமர வேண்டும். எல்லாம் சரியாக வந்ததுபோல் தோன்றி, பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் முன்புற உறை) எஞ்சினுக்கும் இடையே ஒரு விரல் தடிமன் இடைவெளி மட்டும் மிஞ்சும். சுற்றியுள்ள போல்ட்டுகளை முறுக்கி அதை இழுத்துவிடலாம் என்ற எண்ணமும் வரும். அப்படிச் செய்தால் பெல் ஹவுசிங்கின் போல்ட் காது உடையலாம், பைலட் பேரிங்கும் நசுங்கலாம்.

கியர்பாக்ஸ் இல்லாத எஞ்சின் பின்புறமாகச் சாய்ந்திருக்கும். மரக்கட்டை வைத்து ஜாக்கால் அதைத் தாங்கி, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாகத் தெரியும்வரை கோணத்தைச் சரிசெய்யுங்கள். தலை அறுத்த இரண்டு நீண்ட போல்ட்டுகளை எஞ்சினில் திருகிவைத்தால், கியர்பாக்ஸ் அவற்றின் மேல் நேராக வழுக்கி வரும். கியரைப் போட்டுவிட்டு, பின்முனை ஷாஃப்ட்டைக் கையால் மெல்லத் திருப்பினால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும். அப்போதும் நுழையவில்லையென்றால், மீண்டும் இறக்கித் தட்டின் மையத்தைச் சோதியுங்கள். ஏற்றுவதற்கு முன்பே பைலட் பேரிங்கை ஷாஃப்ட் முனையில் மாட்டிப் பார்த்திருந்தால் ஒரு சந்தேகம் குறையும். எந்தக் கட்டத்திலும் கியர்பாக்ஸின் எடை கிளட்ச் தட்டில் தொங்கக் கூடாது என்பதால், சாதாரண ஜாக்கை நம்பாமல் கியர்பாக்ஸ் ஜாக்கை வாடகைக்கு எடுங்கள்.

பெடலும் மின்இணைப்பும்

கிளட்ச் பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, கிளட்ச் குழாயிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். இனி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையாது. கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருப்பதாகச் சொல்லும் சுவிட்ச் இப்போது இல்லை. அதன் இரு கம்பிகளை வெறுமனே முறுக்கி இணைத்தால் வண்டி கிளம்பும், ஆனால் கியரில் இருக்கும்போதும் பாய்ந்து கிளம்பும். ஆகவே அவற்றைக் கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாகக் கொண்டுசெல்லுங்கள். ரிவர்ஸ் விளக்கின் கம்பிகளையும் புதிய கியர்பாக்ஸின் சுவிட்சுக்கு மாற்றுங்கள். கியர்பாக்ஸைக் கணினி கட்டுப்படுத்திய கார்களில், மேனுவல் காரின் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அல்லது அதற்கான நிரல் இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது.

பின்னர் சேர்த்தது: எல்லாம் முடிந்தபின் சாவி வெளியே வர மறுக்கும் சிக்கல் சில கார்களில் வருகிறது. லீவர் பார்க்கில் இருந்தால்தான் சாவியை விடுவிக்கும் பூட்டு ஸ்டியரிங் தண்டின் அருகே இருக்கிறது. அது கேபிளால் இயங்குவதானால் கேபிளைக் கழற்றினாலே பெரும்பாலும் போதும், மின்சாரத்தால் இயங்குவதானால் மேனுவல் காரின் சாவிப் பூட்டையே மாற்ற வேண்டியிருக்கலாம்.