ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? கண்டன்சரை மாற்றிப் பாருங்கள்

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் சுவரில் காலண்டர் தாள் அசையவில்லை. வந்து பார்த்தவர், "வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) போச்சு, கழற்றிக் கொடுங்க" என்றார். கடைசியில் 60 ரூபாய் கண்டன்சரில் சரியானது. (கெப்பாசிட்டர் என்றும் கேட்கலாம். எங்கள் ஊர்க் கடையில் கண்டன்சர் என்றால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள்.)

முதலில் கோளாறு அதுதானா என்று பாருங்கள். ஃபேனை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றோ இறுக்கமாகவோ இருந்தால் பேரிங், அது வேறு வேலை. லேசாகச் சுற்றுகிறது, ஆனால் சுவிட்ச் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கிறது என்றால் நீளமான குச்சியால் ஒரு தள்ளு தள்ளுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓட ஆரம்பித்தால் கண்டன்சர் அவுட்.

அடுத்து மெயினை இறக்குங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) சுவிட்ச் போட்ட வீடுகளில் அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் இருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை இறக்கியதும் ஃபேன் வயரில் வையுங்கள், எரியக் கூடாது.

மோட்டாருக்கு மேலே ராடு சேரும் இடத்தில் ஒரு கப் இருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே தள்ளினால் உள்ளே கண்டன்சர் தெரியும். சில மாடல்களில் கூரையை ஒட்டிய கப்புக்குள் இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை சேர்த்துத் தொட்டு, மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள்.

நான் சொதப்பியது இதற்கு அப்புறம்தான். எல்லா வயரையும் ஒரே மூச்சில் கழற்றிவிட்டு, கலரை வைத்துக் குத்துமதிப்பாக மாட்டினேன். ஃபேன் ஜோராகச் சுற்றியது, காற்று மட்டும் கீழே வரவில்லை. தலைகீழாகச் சுற்றியிருக்கிறது! மோட்டாரில் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு சுருள்கள். ஸ்டார்ட்டிங்குக்குக் கண்டன்சர் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும். நான் மெயின் வயரை நேராக அதில் கொடுத்துவிட்டேன். கண்டன்சரின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் ஒன்றும் ஆகாது, அதற்கு பிளஸ் மைனஸ் கிடையாது. மெயின் வயர் எந்த முனையில் சேர்கிறது என்பதுதான் விஷயம். கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் முதலில் ஒரு போட்டோ, பிறகு ஒரு வயரைக் கழற்றி அதை மாட்டிய பிறகே அடுத்த வயர்.

வாங்கும்போது பழையதையே கையில் கொண்டு போங்கள். என்னுடையதில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று இருந்தது. மீட்டர் காட்டியதோ 1.3. "3.15 போடுங்க, பறக்கும்" என்பார்கள். பறக்கும்தான், வைண்டிங்கும் சூடாகும். இணைப்புக்கு எனக்கு ஸ்க்ரூ கனெக்டர்தான் பிடிக்கும். வெறும் டேப் வெயில் காலத்தில் பசை இளகி நழுவிவிடுகிறது.

பின்சேர்க்கை: ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனைத் திறந்து இந்தக் கண்டன்சரைத் தேடியதாக ஒருவர் எழுதியிருந்தார். அதில் இது கிடையாது, உள்ளே சர்க்யூட் போர்டுதான்.

இன்னொருவருக்குக் கண்டன்சர் மாற்றியும் ஐந்தில் மட்டுமே வேகம், நான்கிலும் மூன்றிலும் ஊர்கிறதாம். ஸ்டெப் ரெகுலேட்டரில் ஐந்து என்பது நேர் லைன். மற்ற எண்கள் அதற்குள்ளேயே இருக்கும் குட்டிக் கண்டன்சர்கள் வழியாகப் போகும். அவர் மாற்ற வேண்டியது ரெகுலேட்டரை.