உப்புக் காற்றுக்குத் தாங்கும் சின்ன டார்ச்: பார்த்து வாங்குவது எப்படி

தொண்டி முதல் மூக்கையூர் வரை கரையோர ஊர்களில் டார்ச் கெட்டுப்போனால் எல்.இ.டி.யைக் குறை சொல்ல முடியாது. அது பல்லாயிரம் மணி நேரம் எரியக்கூடியது. கெடுவதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவை: வால் மூடியின் மரை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங், பொத்தானின் ரப்பர், சார்ஜ் போடும் துளை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டு ஜன்னல் கம்பியே துருவேறும்போது, கையில் கொண்டு திரியும் டார்ச்சைச் சொல்லவே வேண்டாம். அதனால் டப்பாவில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட லூமன் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவைக் கடைசியில் பாருங்கள். உப்பு எந்த வழியாக உள்ளே போகும் என்பதை முதலில் பாருங்கள்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

கரண்ட் போன வீட்டுக்குள் நடமாட 5 முதல் 10 லூமன் தாராளம். மணலில், தெருவில் நடக்க 50 முதல் 100. சீமைக்கருவேல் மண்டிய பாதையில் முள்ளும் பாம்பும் பார்த்து நடக்க 150 முதல் 200. கரையில் நின்றபடி நங்கூரம் போட்ட வள்ளத்தைப் பார்க்க 400, 500 தேவைப்படும், அதுவும் சில வினாடிகளுக்குத்தான். தினசரி வேலையில் முக்கால்வாசி 200-க்குள் முடிந்துவிடும். ஆகவே டார்ச்சின் நடுத்தர வெளிச்ச நிலை எத்தனை லூமன், அது எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள்.

"1000 லூமன்" என்று போட்டிருக்கும் சின்ன டார்ச் அந்த வெளிச்சத்தை ஒன்றிரண்டு நிமிடம்தான் தரும். விரல் நீள அலுமினிய உடம்பு அந்தச் சூட்டை வெளியே தள்ள முடியாது. உள்ளே இருக்கும் சர்க்யூட் தானாகவே 300, 400 அளவுக்கு இறக்கிவிடும். இது கோளாறு இல்லை, இறக்காவிட்டால்தான் ஆபத்து. இன்னொன்று, லூமன் நான்கு மடங்கானால் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். 250-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரிகிற அளவுக்குக் கண்ணில் தெரியாது.

டப்பாவில் உள்ள கணக்கு மெய்யா பொய்யா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். நல்ல எல்.இ.டி. டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். 18650 என்கிற பேட்டரிக் கட்டையின் (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) கொள்ளளவு 3500 எம்.ஏ.எச்., அதாவது 3.5 ஆம்பியர்-மணி என்றால், 3.5-ஐ 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. 150 லூமனுக்கு 1.5 வாட், அப்படியானால் எட்டு மணி நேரம் ஓடும். 1000 லூமனுக்கு 10 வாட், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். "1000 லூமன், 20 மணி நேரம்" என்று எழுதியிருந்தால் அதற்கு 200 வாட்-மணி வேண்டும், சட்டைப்பைக்குள் அடங்கும் எந்தக் கட்டையிலும் அது கிடையாது. டார்ச்சை அளந்து எழுத நல்ல கம்பெனிகள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற தரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரம் முழுவதையும் அதில் கணக்கில் சேர்ப்பார்கள். "உச்ச நிலையில் 3 மணி நேரம்" என்றால் இரண்டு நிமிடம் உச்சம், மிச்ச நேரமெல்லாம் இறங்கிய வெளிச்சம் என்று பொருள்.

தூரத்துக்கும் இதே தரம்தான். பொருளின் மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடம் வரை அளக்கிறார்கள், அது முழு நிலா வெளிச்சம் அளவுதான். ஒளிக்கற்றையின் வீச்சு 10,000 கேண்டெலா உள்ள டார்ச்சுக்கு 200 மீட்டர் என்று போடுவார்கள். ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காண அதில் பாதியைக்கூட நம்ப வேண்டாம்.

ஒளிக்கற்றை எப்படி விரிகிறது என்பதைக் கவனியுங்கள். ஊசிபோல நீளமாகப் பாயும் ஒளி கடையில் எதிர்ச் சுவரில் அடித்தால் அசத்தும். வாடைக் காலத்தில் கடல் சாரலிலோ விடியற்காலைப் பனியிலோ அதே ஒளி கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவராக நிற்கும். நடக்க, கூட்டாளிக்கு வலை அவிழ்க்க, வண்டியில் பஞ்சர் பார்க்க எல்லாம் பரந்த ஒளிதான் வேண்டும். நடுவில் மிதமான பொட்டும் சுற்றிலும் பரந்த ஒளியும் உள்ளது தினப்படிக்குச் சரி.

நிறம்

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய விஷயம் இது. விலை குறைந்த டார்ச்சுகள் 6500 கெல்வின் நீல வெள்ளையில், நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு (சி.ஆர்.ஐ.) 70 அளவில் வரும். விடியற்காலை ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது, அந்த ஒளியில் புதுச் செவுளின் சிவப்பும் பழைய செவுளின் பழுப்பும் ஒரே மங்கலாகத் தெரியும். 4000 முதல் 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் உள்ள டார்ச்சில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஒயரின் சிவப்பும் பழுப்பும், காயத்தின் ஆழம், காய்ந்த சருகுக்குள் கிடக்கும் சுருட்டை விரியனின் கோலம் எல்லாவற்றுக்கும் இதே கதை. சி.ஆர்.ஐ. கூடினால் லூமன் கொஞ்சம் குறையும். குறைந்தால் குறையட்டும்.

கடையில் இப்படிச் சோதியுங்கள்: உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். கை பிணம்போல வெளிறினால் அந்த டார்ச் வேண்டாம். பிறகு மிகக் குறைந்த நிலையில் வைத்து, ஒளிக்கு முன்னால் விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் விட்டுவிட்டுத் தெரிந்தால் ஒளி துடிக்கிறது என்று அர்த்தம். நேரமாக ஆகக் கண் வலிக்கும்.

உடம்பும் அடைப்பும்

தண்ணீரும் தூசியும் புகாத அளவை ஐ.பி. எண் சொல்லும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.8 என்றால் தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்துக்கு. நடுவில் எக்ஸ் இருந்தால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். தனுஷ்கோடி மணலில் புழங்குகிறவர்கள் ஐ.பி.68 என்று எழுதியிருப்பதை வாங்குவது நல்லது. அந்த 6 தூசி புகாது என்பதைச் சொல்கிறது. ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. கடல் நீர் உள்ளே ஒரு சொட்டுப் போனாலும் பேட்டரி மின்சாரத்தோடு சேர்ந்து செம்பையும் நிக்கலையும் அரித்துவிடும்.

வால் மூடியைக் கழற்றி மரையைப் பாருங்கள். மரை வெட்டு சதுரமாக, தடிமனாக இருக்க வேண்டும். கூர் மரை என்றால் ஒரு மணல் துகளே கடித்து இறுக்கிவிடும். மரையை ஒட்டி ரப்பர் வளையம் ஒன்றாவது இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் மிக நல்லது. அடுத்து டார்ச்சை எரியவிட்டு மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அணைந்தால் மரைக்கும் மின்சாரம் கடத்தாத அனோடைஸ் பூச்சு உண்டு. பூச்சு இருந்தால் உப்பில் அரிப்பு தாமதமாகும். கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பைக்குள் தானாக எரியாது, கட்டையின் சார்ஜும் சும்மா இறங்காது. எரிந்துகொண்டே இருந்தால் வெறும் அலுமினியம். அலுமினியமும் எஃகு ஸ்பிரிங்கும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் தின்னப்படும், வெள்ளை மாவு பூத்து மூடி திறக்காமல் போவது இதனால்தான்.

கட்டை

கழற்றி மாற்றக்கூடிய கட்டை உள்ளதையே வாங்குங்கள். உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய டார்ச்சில் யு.எஸ்.பி. சி துளை ஒன்றுதான் வழி. அந்தத் துளையில் உப்பேறினால் டார்ச்சே குப்பை. கட்டையைக் கழற்றித் தனி சார்ஜரில் போட முடிந்தால் துளையைத் தொடவே வேண்டியதில்லை. துளையில் கடல் நீர் பட்டுவிட்டால் ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, ஒரு முழு நாள் நிழலில் காயவிட்ட பிறகு போடுங்கள்.

அளவுக்கு இரண்டு வழி. பையில் வைக்க, ஓட்டம் நிறைய வேண்டும் என்றால் 18650. இன்னும் சின்னதாக வேண்டும் என்றால், பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏ.ஏ. கட்டையும், அதே உருவத்தில் இருக்கும் 14500 லித்தியம் கட்டையும் இரண்டையும் ஏற்கும் டார்ச். பாம்பனில் புயல் கூண்டு ஏறி, நாலு நாள் கரண்ட் வராது என்ற நிலையில் ஏ.ஏ. கைகொடுக்கும். ஆனால் எச்சரிக்கை: 14500 கட்டை 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் போட்டால் அந்த நொடியே சர்க்யூட் போய்விடலாம். கையேட்டில் 3.7 வோல்ட் போடலாம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சாதாரண ஏ.ஏ. கட்டையை மாதக்கணக்கில் உள்ளே விட்டால் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். புழங்காத நாளில் கழற்றி வையுங்கள்.

லித்தியம் கட்டையில் ஏமாற்று அதிகம். நல்ல 18650 பெரும்பாலும் 2500 முதல் 3600 எம்.ஏ.எச். வரைதான். உறையில் 9900 என்று போட்டிருந்தால் பொய். தராசில் வைத்தால் நல்ல கட்டை 45 கிராம் அளவில் நிற்கும், 35-க்குக் கீழே என்றால் தொடாதீர்கள். லித்தியம் கட்டைக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 16046 இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த கட்டை இரண்டு, மூன்று மி.மீ. நீளம் கூடுதலாக இருக்கும், சில டார்ச்சில் மூடி மூடாது. கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கி வந்ததும்

கட்டையைப் போடாமல், உள்ளே டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து மூடியை இறுக்குங்கள். ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் மூழ்கவிட்டு, நீருக்குள்ளேயே பொத்தானைச் சிலமுறை அழுத்துங்கள். வெளியே எடுத்து நன்றாகத் துடைத்த பிறகு திறங்கள். காகிதத்தில் ஈரப் பொட்டு இருந்தால் பில்லோடு அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். மூடிப் பக்கம் நனைந்திருந்தால் ரப்பர் வளையமோ பொத்தான் ரப்பரோ, கண்ணாடிப் பக்கம் நனைந்திருந்தால் முகப்பு வளையமோ காரணம்.

உப்பைக் கழுவுவது

கடலுக்கோ கடற்கரைக்கோ போய் வந்த அன்றே கழுவ வேண்டும். திறக்காமல், மூடியை இறுக்கிய நிலையில் கழுவுங்கள். முதலில் திறந்தால் மரையில் இருக்கும் உப்பையும் மணலையும் நாமே உள்ளே தள்ளுவதாகும். பல ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு, அதில் கழுவினால் பயன் இல்லை. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு தம்ளர் போதும். துடைத்து நிழலில் காயவிட்ட பிறகு திறங்கள்.

மாதம் ஒருமுறை, மரையில் உள்ள பழைய மசகைப் பஞ்சால் துடைத்து எடுங்கள். ரப்பர் வளையத்தைப் பல்குத்தும் குச்சியால் நெம்பிக் கழற்றுங்கள், ஊசி வேண்டாம், கீறிவிடும். ஒரு கடுகு அளவு சிலிகான் கிரீஸ் எடுத்து வளையம் முழுக்க மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து மணலைச் சேர்க்கும். ஸ்பிரிங்கும் கட்டை தொடும் இடமும் பச்சை பூத்திருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், போகாவிட்டால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும், அதற்கப்புறம் துரு நிற்காது. வெளிச்சம் மினுக்கினால் முக்கால்வாசி இந்த அழுக்குதான் காரணம்.

கடலில்

அலுமினிய டார்ச் மிதக்காது. கயிறு கட்டிக் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டுங்கள். தங்கூசியில் (மெல்லிய நைலான் இழை) கட்டாதீர்கள், இழுத்தால் கையை அறுக்கும். பின்னல் நைலான் கயிறு நல்லது. வாலில் காந்தம் வைத்த டார்ச் என்ஜினில் ஒட்டிவைத்து வேலை பார்க்க வசதி, ஆனால் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் திரும்பிவிடும். நன்றாகத் தள்ளியே வையுங்கள்.

இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். அரை நொடி வெள்ளை ஒளி கண்ணில் பட்டாலே அது கலைந்துவிடும். அதனால் அழுத்தியதும் உச்சத்தில் எரியாமல் 1 அல்லது 2 லூமனில் தொடங்கும் டார்ச் படகுக்கு ஏற்றது. ஒரு பொத்தான், அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த ஒளி, இருமுறை தட்டினால் உச்சம், இதற்கு மேல் நிலைகள் வேண்டாம். வேகமாக மின்னும் நிலையைக் கொண்டு இன்னொரு படகைக் கூப்பிடாதீர்கள், கடல் போக்குவரத்து விதிகளே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஆபத்தென்றால் மூன்று குறுகிய, மூன்று நீண்ட, மூன்று குறுகிய ஒளி.

தை முதல் பங்குனி வரை அரிச்சல்முனைப் பக்கம் ஆமை கரையேறும் காலம். வெள்ளை ஒளி பட்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு ஒளியை நோக்கி ஊரும். அங்கே டார்ச்சை அணைத்து வையுங்கள், கட்டாயம் என்றால் சிவப்பு ஒளி, குறைந்த நிலையில், தரையைப் பார்த்து.

வைக்கும் இடம்

பூட்டிய கார் டேஷ்போர்டிலும் வெயில் படும் படகுப் பெட்டியிலும் லித்தியம் கட்டை வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக்கூடாது. மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாதி சார்ஜில், டார்ச்சிலிருந்து கழற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டால் இரு முனையும் இணைந்து தீப்பிடிக்கும். உறை கிழிந்தாலோ, கட்டை வீங்கினாலோ, 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டாலோ மறுபடி சார்ஜ் போடாதீர்கள். இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.