படிப்பவர் இல்லாத கடிதங்கள்: தொழில்முறைத் தொடர்பைக் கற்பிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு பொறியியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு வேலை கொடுப்பது என் வழக்கம். பிராஜெக்ட்டுக்கு ஆர்டர் செய்த சென்சார் இன்னும் வந்து சேரவில்லை, ரிவ்யூவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, விற்ற கடைக்கு ஒரு மெயில் எழுதுங்கள். இருபது நிமிடம்.

வருகிற மெயில்களில் முக்கால்வாசி ஒரே அச்சு. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் மின்னணுவியல் துறையில் நான்காம் ஆண்டு படிக்கும் மாணவன். எங்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக பிராஜெக்ட் ஒன்றைச் செய்து வருகிறோம். அதற்குத் தேவையான சென்சாரைத் தங்கள் நிறுவனத்தில் வாங்கியிருந்தோம். அது இன்னும் வந்து சேரவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தயவுசெய்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பரீட்சையில் இதற்குப் பத்துக்கு எட்டு கிடைக்கும். இலக்கணப் பிழை இல்லை, வடிவம் சரி, பணிவும் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? ஆர்டர் எண் இல்லை. பணம் கட்டிய தேதி இல்லை. எந்த நாளுக்குள் வேண்டும் என்று இல்லை. அந்த மாடல் கைவசம் இல்லையென்றால் வேறொன்று போதுமா, பணம் திரும்ப வேண்டுமா என்பதும் இல்லை. அவர் பதில் போட வேண்டுமென்றால் முதலில் நாலு கேள்வி கேட்டாக வேண்டும். நாளுக்கு நூறு மெயில் பார்க்கிறவர் அந்த நாலு கேள்வியைக் கேட்க மாட்டார். அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கடைக்காரருக்கு எழுதவில்லை, மார்க் போடுகிற எனக்கு எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்திலிருந்து அவர்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே வாசகர்தான்: ஆசிரியர். கீழே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. எல்லாவற்றையும் நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

ஆங்கிலத்தைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் இரண்டு செமஸ்டரிலும் தொழில்முறை ஆங்கிலம் பாடமாகவே இருக்கிறது. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டில் மறுபடியும் அதையே நடத்திக்கொண்டிருந்தால் அதற்கு உயர்நிலைப் பயிற்சி என்று பெயர் வைப்பதில் பொருளில்லை. ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுத்தால் கை தானாக முன்னிடைச் சொல்லையும் காலத்தையும் தேடித்தான் போகிறது. அது நமக்குத் தெரிந்த வேலை, சீக்கிரம் முடிகிற வேலை.

இப்போது நான் மொழியைக் கடைசியில்தான் தொடுகிறேன். முதலில் மூன்று கேள்வி: இதைப் படிக்கப்போவது யார்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? அதைச் செய்ய அவருக்கு என்னென்ன தகவல் வேண்டும்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மாணவி அதே மெயிலை இரண்டாம் முறை எழுதினாள். சப்ஜெக்ட் வரியிலேயே ஆர்டர் எண்ணும் "14ஆம் தேதிக்குள் கிடைக்குமா?" என்ற கேள்வியும் இருந்தன. உள்ளே மூன்றே வரி: 2ஆம் தேதி பணம் கட்டினோம், ரசீது இணைத்திருக்கிறோம், 14ஆம் தேதிக்குள் கிடைத்தால்தான் பயன்படும், முடியாதென்றால் நாளை மாலைக்குள் சொல்லிவிடுங்கள், உள்ளூரில் வாங்கிக்கொள்கிறோம், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருந்தது. நான் முழு மார்க் கொடுத்தேன்.

உயர்நிலை என்றால் கனமான சொற்கள் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தது. வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு அந்த வார்த்தைகளை எங்கேயாவது சொருகினால் பாராட்டுகிறோம். உண்மையில் கடினமானது சொல் இல்லை. எதை விடுவது என்ற முடிவுதான் கடினம்.

ஸ்லைடை அழகுபடுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடுவது

ஒரு ஸ்லைடில் ஆறு வரி, ஒரு வரியில் ஆறு சொல், எழுத்தின் அளவு இவ்வளவு, பின்னணி நிறம் இப்படி. பிபிடி பற்றி நாம் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். நான் இந்த வகுப்பை இப்போது கொலம்பியா விண்கலத்திலிருந்து தொடங்குகிறேன். கல்பனா சாவ்லாவின் பெயர் தெரியாத மாணவர் எங்கள் வகுப்பில் இல்லை. அவர் உட்பட ஏழு பேர் 2003 பிப்ரவரி 1 அன்று எப்படி இறந்தார்கள் என்று கேட்டால், விண்கலம் வெடித்தது என்பார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒரு ஸ்லைடு காட்டப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

ஜனவரி 16 அன்று விண்கலம் கிளம்பி 82 விநாடி ஆனபோது, எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து வந்து இறக்கையில் அடித்தது. சேதம் எவ்வளவு என்று போயிங் பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவைப் பார்த்தால் விண்கலத்தின் வெப்பம் தாங்கும் ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு தேவைக்கு மேல் எச்சரிக்கையாகவே இருக்கிறது என்று பொருள்படும். தலைப்பை மட்டும் படித்தால் மனம் ஆறிவிடும். அதன் கீழே பல படிகளாக உள்ளே தள்ளித் தள்ளி எழுதிய குறிப்புகள். "குறிப்பிடத்தக்க" என்ற சொல் மட்டும் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அர்த்தத்தில். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், கடைசி வரி: அடித்த துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம்.

இதைத் திரையில் போட்டுவிட்டு வகுப்பில் சும்மா நிற்பேன். யாராவது ஒருவர் செல்போனில் வகுத்துப் பார்ப்பார். 640 மடங்கு. அதாவது அந்தச் சோதனைத் தரவை வைத்து இந்தச் சேதத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. தலைப்பில் இருந்திருக்க வேண்டிய செய்தி அதுதான். விபத்தை ஆராய்ந்த வாரியம் 2003 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. தொழில்நுட்பக் கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடுவதே நாசாவில் வழக்கமாகிவிட்டதையும் குறையாகச் சொன்னது.

பிறகு மாணவர்களிடம் அந்த ஸ்லைடைத் திருத்தி எழுதச் சொல்வேன். நிறம், படம், அனிமேஷன் எதுவும் வேண்டாம், தலைப்பு மட்டும் போதும். "நம் சோதனைத் தரவு இந்த அடிக்குப் பொருந்தாது, அடித்த துண்டு 640 மடங்கு பெரியது" என்று ஒரு முறை எழுதிய கை, தன் பிராஜெக்ட் ரிவ்யூவில் வெறுமனே "முடிவுகள்" என்று தலைப்பு வைக்கத் தயங்கும். ஸ்லைடு வடிவமைப்பு பற்றி நான் வேறு விதி எதுவும் சொல்வதில்லை.

கெட்ட செய்தி சொல்லக் கற்றுக்கொடுக்காதது

நன்றிக் கடிதம், அழைப்புக் கடிதம், வாழ்த்து மடல் எல்லாம் பாடத்தில் இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே தேவைப்படுவது வேறு: "சொன்ன தேதிக்கு முடியாது", "தப்பு என்னுடையது", "நீங்கள் சொல்கிற வழி சரியாக வராது என்று நினைக்கிறேன்". பெரியவர்களிடம் மறுத்துப் பேசாமல் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது மொழிச் சிக்கலே இல்லை. டீம் லீடிடம் "முடியாது" என்று சொல்ல வாய் வராமல் "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, கெடு முடிகிற நாளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மரியாதையையும் உண்மையையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முடியும் என்பதை யாராவது செய்து காட்ட வேண்டும்.

இதற்கு நான் காட்டுவது 1985 ஜூலை 31 தேதியிட்ட ஒரு குறிப்பு. ராஜர் போஜலே (Boisjoly) என்ற பொறியாளர் தன் நிறுவனத்தின் துணைத் தலைவருக்கு எழுதியது. விண்கலத்தைத் தூக்கிச் செல்லும் ராக்கெட்டின் இணைப்பு வளையங்கள் அரித்துப்போவது எவ்வளவு தீவிரமான பிரச்சினை என்பதை நிர்வாகம் முழுமையாக அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன் என்பது முதல் வரி. சரிசெய்யாவிட்டால் மனித உயிர் போகும் என்று உள்ளே நேரடியாகச் சொல்கிறார். இதற்கென்று ஒரு குழுவை உடனே அமர்த்துங்கள் என்று கேட்டு முடிக்கிறார். யார் மேலும் பழி போடவில்லை, சுற்றி வளைக்கவுமில்லை. ஆறு மாதம் கழித்து, 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் சிதறியது. காரணம் அந்த வளையங்கள்தான்.

"இவ்வளவு தெளிவாக எழுதியும் பயனில்லையே மேடம்?" என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு குரல் எழும். அந்தக் கேள்விக்காகவே இதை வைத்திருக்கிறேன். எழுதுகிறவரை மட்டும் தயார்செய்து, படிக்கிறவரைத் தயார்செய்யாமல் விடுவதும் நம் தவறுதான். நம் மாணவர்கள் நாளைக்கு மேலாளர் நாற்காலியிலும் உட்காரப்போகிறவர்கள். ஒரு அறிக்கையை வாங்கிப் படித்து, "இதில் என்ன விடுபட்டிருக்கிறது? எந்த எண் சந்தேகம் தருகிறது?" என்று கேட்கும் பயிற்சிக்கு எழுதும் பயிற்சி அளவுக்கே நேரம் ஒதுக்குகிறேன்.

முதல் பிரதிக்கே மார்க் போடுவது

அலுவலகத்தில் முக்கியமான எந்த மெயிலும் ஒரே தடவையில் எழுதப்படுவதில்லை. நாமோ எழுதி வாங்கி, திருத்தி, மார்க் போட்டு, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போட்டு மூடிவிடுகிறோம். மாணவர் மார்க்கைப் பார்ப்பார், குறிப்பைப் படிக்க மாட்டார். அறுபது பேர் வகுப்பில் இரண்டு தடவை திருத்த ஏது நேரம் என்ற கேள்வி நியாயமானது. நான் கண்ட வழி: முதல் பிரதியில் நான் எழுதுவது ஒரே ஒரு கேள்விதான், அதுவும் வாசகரின் இடத்திலிருந்து. "ஹெச்.ஆர். இதைப் படித்தால் உன்னை எந்தத் தேதியில் கூப்பிடுவது என்று தெரியுமா?" அவ்வளவே. பிழை திருத்துவதைப் பக்கத்து பெஞ்ச் மாணவர் செய்வார். மார்க் இரண்டாம் பிரதிக்கு மட்டும். மொத்த நேரம் முன்னைவிடக் கூடவில்லை.

குரூப் டிஸ்கஷனில் அதிகம் பேசுகிறவருக்கு அதிக மார்க்

இது பழைய நோய். முதலில் பேசினால் மார்க், சத்தமாகப் பேசினால் மார்க் என்று பிளேஸ்மென்ட் (வேலைவாய்ப்பு) பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். என் வகுப்பில் ஒரே நிபந்தனை: முன்னால் பேசியவர் சொன்னதை அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு வரியில் திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் கருத்து. முதல் நாள் வகுப்பு திணறிப்போகும். நாலாவது வாரம், அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள்தான் இதில் முன்னே நிற்பார்கள், ஏனென்றால் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

தமிழை வாசலுக்கு வெளியே நிறுத்துவது

வகுப்புக்குள் தமிழில் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மூன்று ஆண்டு மௌனமாக உட்கார்ந்துவிட்டுப் போவதுதான் அதன் பலன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பது வேறு, எந்த மொழியில் சொல்வது என்பது வேறு. "உங்கள் அப்பாவிடம் இந்தப் பிராஜெக்ட்டை ஒரு நிமிடத்தில் சொல்" என்றால் அழகாகச் சொல்லும் மாணவன், ஆங்கிலம் என்றதும் உறைந்துபோகிறான். முதலில் தமிழில் சொல்லவிட்டு, அதன் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்குச் சொன்னபோது அவன் தானாகவே முக்கியமானதை முதலில் வைத்திருப்பான். தவிர, திருப்பூரிலோ சிவகாசியிலோ வேலைக்குப் போகிறவர் ஆலைக்குள் தமிழில்தான் ஆட்களுக்கு விளக்க வேண்டும். அதுவும் தொழில்முறைத் தொடர்புதான்.

சாட்ஜிபிடியே எழுதிவிடக்கூடிய வேலையைக் கொடுப்பது

"விடுப்பு கேட்டு மேலாளருக்கு மெயில் எழுதுக" என்ற கேள்வியின் காலம் முடிந்துவிட்டது. தடை போடுவதிலும் பயனில்லை. அந்த மாணவருக்கு மட்டும் தெரிந்த விவரம் இல்லாமல் எழுதவே முடியாத வேலையாகக் கொடுக்க வேண்டும். கேம்பஸுக்குள்ளேயே அதற்குப் பஞ்சமில்லை. ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போக வருகைப்பதிவு அனுமதி) கேட்டு ஹெச்.ஓ.டி.க்கு, அதாவது துறைத் தலைவருக்குக் கடிதம், விடுதித் தண்ணீர்ப் பிரச்சினைக்கு வார்டனுக்கு மனு, போட்டி நடத்த நன்கொடை கேட்டுக் கடைவீதிக்கு மெயில். எல்லாமே உண்மையாகவே அனுப்பப்பட வேண்டும், உண்மையான பதில் வர வேண்டும் என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

சென்ற ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்வையிடுதல்) போவதற்கு அனுமதி கேட்டு, கோவையில் ஒரு பவுண்டரிக்கு (உலோக வார்ப்பு ஆலைக்கு) ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். கல்லூரியின் வரலாறு, துறையின் சாதனைகள், தொழிற்சாலையைப் பார்ப்பதால் வரும் நன்மைகள் என்று எதுவும் பாக்கியில்லை. நான் திருத்தாமல் அப்படியே அனுப்பச் சொன்னேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது, ஒரே வரியில்: எத்தனை பேர், எந்த ஷிப்ட், எல்லோரிடமும் சேஃப்டி ஷூ இருக்கிறதா?

வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி எழுந்து, ஷூ இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்று எண்ணத் தொடங்கினாள். அன்று மாலை அவர்கள் அனுப்பிய பதில்: "42 பேர். காலை ஷிப்ட். 30 பேரிடம் ஷூ இருக்கிறது, மீதி 12 ஜோடி உங்களிடம் கிடைக்குமா? இல்லையென்றால் 30 பேர் மட்டும் வருகிறோம்."