அடுத்த நாற்றுக்கு முன் பாத்திக்குச் சாப்பாடு

கத்தரி ஓய்ந்த கையோடு அதே பாத்தியில் அடுத்த நாற்றை வைக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நமக்குக் கிடைத்தது கடற்கரை மணல். ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற பசளையும் அதில் நிற்காது, அதிலும் மாதக்கணக்கில் காய்த்து முடித்த பாத்தியில் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. ஐப்பசி மழைக்கு மூன்று நான்கு கிழமை முன்பே, புரட்டாசியில் வேலையைத் தொடங்குங்கள்.

பயிற்றை, கௌபியைப் பிடுங்க வேண்டாம். மண் மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாயை மட்டும் வேரோடு பிடுங்கிப் பாருங்கள்: வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை, அந்த வேரைக் கூட்டெருக் குவியலில் போடாமல் காயவைத்து எரித்துவிடுங்கள். பயிற்றை வேரிலும் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அவை விரலால் உருட்டினால் உதிரும், செடி பச்சையாக நிற்கிற காலத்தில் நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகிற பற்றீரியா அதற்குள்தான் குடியிருக்கிறது.

சரி, இனிப் பாத்தியை நனைத்து, மறுநாள் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்துங்கள். ஒரு சதுர மீற்றருக்குப் பத்து லீற்றர் வாளியால் இரண்டு வாளி உக்கிய மாட்டெரு போதும், பரப்பினால் இரண்டு சென்ரிமீற்றர் கனம் வரும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், வேரைச் சுடும், களை விதையையும் கொண்டுவரும். நன்றாக உக்கிய எருவில் சூடு இருக்காது, சாண வாடை போய் மழை பெய்த மண்ணின் மணம் வரும்.

வேலியில் கிளிசரியா நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இலையையும் இளங்கொப்பையும் சிறிதாக வெட்டி எருவோடு சேர்த்துக் கொத்திவிட்டு, மேலே வைக்கோலோ தென்னோலையோ மூடாக்காகப் போடுங்கள். கச்சான் காற்று இன்னும் ஓயாத நாட்களில் மூடாக்கு இல்லாத மணல், காலையில் நனைத்தால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் இலை உக்காது. அதனால் ஒன்றுவிட்ட ஒரு நாள் தண்ணீர் தெளியுங்கள்.

மழைக்கு முன் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இந்த மணலில் அது பெருமழையோடு கீழிறங்கி, நாம் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரில் போய்ச் சேரும்.

மூன்று கிழமை கழித்து மூடாக்கை விலக்கிக் கிளறிப் பாருங்கள். இலை இன்னும் இலையாகவே தெரிந்தால் மேலும் ஒரு கிழமை பொறுங்கள். கறுத்து உதிர்ந்திருந்தால் நடலாம், ஆனால் கத்தரி நின்ற இடத்தில் இம்முறை பயிற்றை.